மூன்றாம் நம்பர் சிடி



இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிநாட்டிலிருந்து ஒரு போன். 2001-இல் என்னிடம் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நலம் விசாரித்து முடித்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், என்கிட்ட ஒரு சிடி பிடுங்கி வெச்சீங்களே, அது இன்னும் இருக்கா?" என்றான்.

பிடுங்கியது எனக்கு நினைவில் இல்லை. ஆனால் நான் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பழைய இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் இருந்தது. மேலே கறுப்பு மார்க்கரில் '3' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில்: "அதேதான் சார். மொத்தம் அஞ்சு சிடி. மூணாவது இல்லாம கதை அங்கேயே நின்னுபோச்சு."

பால்டர்ஸ் கேட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டாம். சென்னையில் படித்த அண்ணன் கொண்டுவந்து கொடுத்த திருட்டுப் பிரதி. நான் பிடுங்கியதில் தவறில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டோமே என்ற எண்ணம் போகவில்லை. அது என்ன கதை என்று தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஐம்பது வருட வரலாறே விரிந்தது. வரலாற்று வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? "இந்த வயசுல கேமா?" என்று கேட்கப்போகும் என் தங்கை இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம்.

தொடக்கம் கம்ப்யூட்டரில் இல்லை, ஒரு மேசையில். 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1,000 பெட்டிகள்தான். பொம்மைப் படைகளை வைத்துப் போர் நடத்தும் பொழுதுபோக்கிலிருந்து கிளைத்தது இது. ஆனால் இதில் படை கிடையாது. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். நடுவர் கதை சொல்வார்: "எதிரே ஒரு கதவு, உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறாய்?" நீங்கள் சொல்ல வேண்டும். பகடை உருளும். ஜெயித்தவர், தோற்றவர் என்று இதில் யாரும் இல்லை. கதை நகர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பகடை உருட்டுவது, கூட்டிக் கழிப்பது, யாருக்கு எவ்வளவு காயம் என்று குறித்துவைப்பது எல்லாம் இயந்திரம் செய்யக்கூடிய வேலை. ஆகவே அடுத்த ஆண்டே மாணவர்கள் இதைப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கல்விக் கணினி அமைப்பு இருந்தது. பாடம் நடத்துவதற்காகவே கட்டியது. அதில் 1975-இல் 'பெடிட்5' என்று ஒரு கோப்பு. பெயரைப் பார்த்தால் ஏதோ பாடம் என்றுதான் தோன்றும். திறந்தால் உள்ளே நிலவறை, பேய், புதையல்! நிர்வாகிகள் கண்டுபிடித்து அழித்தார்கள். அதற்குள் பிறர் அதைப் பார்த்துத் தங்கள் சொந்த நிலவறைகளை எழுதத் தொடங்கியிருந்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடம் வேறு மாதிரி நடந்துகொண்டது. ஹூஸ்டன் பக்கம் ரிச்சர்ட் கேரியட் என்ற பையன். அப்பா ஓவன் கேரியட் விண்வெளி வீரர், 1973-இல் ஸ்கைலாப் நிலையத்தில் தங்கியவர். பள்ளியில் ஒரு டெலிடைப் கருவி சும்மா கிடந்தது. அதை எனக்குக் கொடுங்கள், நானே கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டான் பையன். கொடுத்தார்கள். பாடத்திட்டமும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. படிப்பு முடிவதற்குள் 28 விளையாட்டுகள் எழுதிப் பார்த்துவிட்டான். அடுத்து ஆப்பிள் கம்ப்யூட்டரில் எழுதியது 'அகலபெத்'. கோடை விடுமுறையில் வேலை பார்த்த கடையிலேயே, பிளாப்பியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிட்டு விற்றான். அட்டைப்படம் வரைந்து கொடுத்தது அம்மா. 1981-இல் 'அல்டிமா' வந்தது. பிறகு வரிசையாகப் பாகங்கள்.

இந்த வரிசையில் நான்காவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்றாம் பாகத்தைக் கேரியட் தன் சொந்த நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். ஆகவே ஆடியவர்களின் கடிதங்கள் முதல்முறையாக நேரே அவர் கைக்கு வந்தன. அட்டையில் பூதத்தின் படம் இருந்ததால் இது சாத்தானின் வேலை என்று சிலர் திட்டியிருந்தார்கள். அதைவிட அவரை யோசிக்க வைத்தது வேறொன்று. எப்படி ஜெயித்தோம் என்று ஆடியவர்கள் பெருமையாக எழுதியிருந்தார்கள். கடைக்காரனிடம் திருடினோம், ஊர்க்காரர்களைக் கொன்றோம், அதில் வந்த பணத்தில் ஆயுதம் வாங்கினோம், கடைசியில் அரக்கனை முடித்தோம், உலகைக் காப்பாற்றினோம்! அரக்கன் யாரையும் ஒன்றும் செய்யாமல் தன் கோட்டையில் உட்கார்ந்திருந்தான். அக்கிரமம் செய்தவன் கதாநாயகன்தான்.

அதனால் 1985-இல் வந்த நான்காம் பாகத்தில் அரக்கனையே எடுத்துவிட்டார். கொல்ல வேண்டிய எதிரி இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என எட்டு நற்குணங்கள். அவற்றில் முழுமை பெற்று, 'அவதார்' ஆவதுதான் ஆட்டம். ஆமாம், நம்முடைய அவதாரமேதான். மேலிருந்து ஒன்று மண்ணில் இறங்கி வருவது என்ற பொருளை அறிந்தே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு லூக்காஸ்பிலிம் நிறுவனம் உருவாக்கிய 'ஹாபிடாட்' என்ற இணைய விளையாட்டும் திரையில் நமக்காக நடமாடும் உருவத்துக்கு அதே பெயரை வைத்தது. இன்று உங்கள் போனில் கண்ணாடி போட்ட பொம்மை ஒன்றை உங்களுக்குப் பதிலாக வைத்துக்கொள்கிறீர்களே, அதன் பெயர் வந்த வழி இதுதான். இந்தப் பதிவில் நமக்கு நேரடி உறவு உள்ள இடமும் இது ஒன்றுதான்.

ஆட்டம் தொடங்கும்போது குறி சொல்பவள் ஒருத்தி கேள்வி கேட்பாள். இரண்டு நற்குணங்கள் மோதினால் எதை விடுவாய் என்பது போன்ற கேள்விகள். அதன்படி நீங்கள் யார் என்பது முடிவாகும். பிறகு ஊர் ஊராகப் போகலாம். பிச்சை கேட்பவருக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். வைத்தியசாலையில் ரத்தம் தருகிறாயா என்பார்கள். முடியாது என்றால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

மூலிகைக் கடை வைத்திருப்பவள் கண் தெரியாதவள். பொருளை எடுத்துக்கொண்டு நீங்களே பணத்தை எண்ணி வைக்க வேண்டும். நூறு நாணயத்துக்குப் பொருள் எடுத்துவிட்டு ஒரு நாணயம் வைத்தாலும் நன்றி சொல்லி அனுப்புவாள். மணி அடிக்காது, காவலர் ஓடிவர மாட்டார், திரையில் எதுவும் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் உள்ளே குறித்துக்கொள்ளும். வெகுநாள் கழித்து, நேர்மையில் நீ எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று அரண்மனையில் உள்ள ஞானியிடம் கேட்கும்போதுதான் அது வெளியே வரும்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் தேர்வறையில் முதுகுக்குப் பின்னால் கைகட்டி நடந்தவன் நான். கண்காணிப்பாளரே இல்லாத தேர்வை ஒருவர் கம்ப்யூட்டரில் கட்டியிருக்கிறார், அதுவும் இருபத்து நான்கு வயதில்.

இந்தப் பழைய விளையாட்டுகளை இன்றும் ஏன் தேடி ஆடுகிறார்கள் என்று அவனிடமே கேட்டேன். படங்களைப் பார்த்தால் கட்டம் கட்டமாக, சிறுபிள்ளை கோலம் போட்டது போல இருக்கின்றன. "சார், புது கேம்ல எல்லாத்தையும் அவங்களே காட்டிடுவாங்க. இதுல பாதியை நாமதான் போட்டுக்கணும்" என்றான். அது சரியாகத்தான் பட்டது. 1981-இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் எழுதிய 'விசார்ட்ரி'யில் வரைபடமே கிடையாது. நிலவறையில் ஒவ்வொரு அடியாக நடந்து, ஆடுபவரே கிராஃப் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு சதுரம் தப்பாக வரைந்தால் வழி தவறியது தவறியதுதான். கணக்கு வாத்தியார்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஜப்பானில் யூஜி ஹோரீ என்பவர் இதன் சண்டைக் காட்சியையும் அல்டிமாவின் வரைபடத்தையும் சேர்த்து 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்' செய்தார். அங்கே அது தனி மரபாகவே வளர்ந்தது. அதை எழுதத் தொடங்கினால் இன்னொரு பதிவு ஆகும்.

இப்போது நம் சிடிக்கு வருவோம். கனடாவின் எட்மண்டன் நகரில் மருத்துவம் படித்த நண்பர்கள் தொடங்கிய பயோவேர் நிறுவனம் 1998 டிசம்பரில் வெளியிட்டது பால்டர்ஸ் கேட். கையால் தீட்டியது போன்ற காடும் ஊரும், ஆறு பேர் கொண்ட குழு. உங்களோடு வருகிறவர்களுக்குச் சொந்த மனசாட்சி உண்டு. நீங்கள் அநியாயம் செய்துகொண்டே போனால் நல்லவர்கள் கோபித்துக்கொண்டு விலகிப் போவார்கள். ரொம்பவும் நல்லவராக இருந்தால் கெட்டவர்கள் போய்விடுவார்கள்! மூலிகைக்காரியின் கணக்கு நோட்டு இங்கே பேசும் மனிதர்களாகிவிட்டது. அந்தக் காலக் கம்ப்யூட்டரில் ஐந்து சிடியையும் முழுக்க ஏற்ற இடம் இருக்காது. ஆகவே கதையில் வேறு இடத்துக்குப் போகும்போது "இன்ன சிடியைப் போடு" என்று கேட்கும். நம் பையனிடம் கேட்டது, அவனிடம் இல்லாததை.

அதே சமயத்தில் போலந்தில் என்ன நடந்தது என்று படித்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரிந்தது. அங்கே 1994 வரை மென்பொருளைப் பாதுகாக்கும் சரியான பதிப்புரிமைச் சட்டம் இல்லை. வார்சாவின் சந்தைகளில் எல்லாமே நகல்தான், வெளிப்படையாகவே விற்றார்கள். அந்தச் சந்தையில் வளர்ந்த பள்ளித் தோழர்கள் மார்சின் இவின்ஸ்கியும் மிகாவ் கிச்சின்ஸ்கியும். 1994-இல் சிடி புரொஜெக்ட் என்று ஒரு கம்பெனி வைத்தார்கள். பால்டர்ஸ் கேட்டைப் போலிஷ் மொழியில் கொண்டுவர முடிவு செய்தபோது, திருட்டு சிடி விற்பவனோடு விலையில் போட்டி போட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தானே. ஆகவே திருடன் தர முடியாததைத் தந்தார்கள். புகழ்பெற்ற நடிகர்களை வைத்து அவர்கள் மொழியிலேயே குரல், பெட்டிக்குள் பழங்காலத் தோலில் எழுதியது போன்ற வரைபடம், விதிப் புத்தகம், இசைக்குத் தனி சிடி. 1999-இல் முதல் நாளிலேயே 18,000 பெட்டிகள் விற்றன.

நகல் எடுப்பவனைப் பூட்டுப் போட்டுத் தடுப்பதைவிட, காசு கொடுத்து வாங்கும் ஆசையை அவனுக்கு உண்டாக்கலாம் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தின் மேல்தான் 2008-இல் 'குட் ஓல்ட் கேம்ஸ்' என்ற கடையை இணையத்தில் திறந்தார்கள். சுருக்கமாக ஜிஓஜி. பழைய விளையாட்டுகளைப் பூட்டு எதுவும் இல்லாமல் விற்றார்கள். வாங்கினால் கோப்பு உங்களுடையது. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பழையவை புதிய விண்டோஸில் ஓடாது என்பதால், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் 'டாஸ்பாக்ஸ்' என்ற மென்பொருளைச் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். டாஸ்பாக்ஸை எழுதியவர்கள் 2002 முதல் இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள். ரசிகர்கள் செய்த வேலை அது.

இதில் கஷ்டமான வேலை தொழில்நுட்பம் அல்ல, உரிமையாளரைத் தேடுவது. நம் ஊரில் நாலு தலைமுறை பட்டா மாறாத நிலத்தை வாங்கப் போனவர்களுக்கு இது புரியும். பால்டர்ஸ் கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தது ஒரு நிறுவனம், வெளியிட்டது இன்டர்பிளே என்ற இன்னொன்று, கதை உலகத்தின் உரிமை மூன்றாவது ஒன்றிடம். 2012-இல் அதைச் சீர்திருத்திப் புதிய பதிப்பாக வெளியிட்டார்கள். மறு ஆண்டே ஒப்பந்தத் தகராறில் சுமார் இரண்டு மாதம் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. இன்னொரு சோகமும் உண்டு. புதிய பதிப்புக்காரர்கள் மூல ஓவியங்களைக் கேட்டபோது அவை எங்கும் இல்லை. தொலைந்துபோயிருந்தன. வெளிவந்து பதினான்கு வருடம்கூட ஆகாத ஒரு பொருளுக்கு இந்தக் கதி.

'ஃபால்அவுட்' கதை இன்னும் மோசம். 1997-இல் வந்தது, அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகம். இப்போது தொலைக்காட்சித் தொடராகக்கூட வந்திருக்கிறது. அதை உருவாக்கிய டிம் கெய்ன் இன்டர்பிளேயை விட்டு விலகியபோது, தன்னிடமிருந்த மூல நிரல், குறிப்புகள் எல்லாவற்றையும் அழிக்கும்படி உத்தரவிட்டார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். மூல நிரல் என்றால் சமைத்த சாப்பாடு அல்ல, சமையல் குறிப்பு. அவர் அழித்துவிட்டார். சில வருடம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து உங்களிடம் பிரதி இருக்கிறதா என்று அவரையே கேட்டார்களாம்! போனது போனதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2025-இல் ரெபெக்கா ஹைன்மன் என்னிடம் இருக்கிறது என்றார். இன்டர்பிளேயைத் தொடங்கியவர்களில் ஒருவர். மேக் கம்ப்யூட்டருக்கு விளையாட்டுகளை மாற்றித் தரும் வேலையில் கைக்கு வந்த எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

மூல நிரல் கையில் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024-இல் வெளிவந்த புதிய விசார்ட்ரி, 1981-ஆம் வருட நிரலின் மேலேயே கட்டியது. மேலே புதிய ஓவியம், அடியில் அந்த இரண்டு மாணவர்கள் எழுதிய அதே கணக்கு. திரையின் ஓரத்தில் பழைய ஆப்பிள் திரையையும் பார்க்கலாம்.

ஆனால் இவையெல்லாம் தப்பிப் பிழைத்தவை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைக்காது. நூலகங்களில் வைத்திருப்பவற்றை ஆராய்ச்சியாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆராய்ச்சி என்ற பெயரில் பொழுதுபோக்காக ஆடிவிடுவார்களாம்! எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நாவல் எடுக்கப் போனவனிடம், "இதை ரசிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடு" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருட்டு சிடி சரிதான் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியவருக்குக் காசு போக வேண்டும். ஆனால் எழுதியவரும் விற்பதில்லை, உரிமையாளர் யாரென்றும் தெரியவில்லை, வைத்திருப்பவரையும் அழிக்கச் சொல்கிறார்கள் என்றால், அங்கே சட்டம் யாருடைய காசைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. சட்டம் படித்த மாணவர்கள் மூன்று பேராவது இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். விளக்குங்கள். அல்டிமா நான்காம் பாகத்தை 2011 முதல் ஜிஓஜி தளத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், சட்டப்படி. கேரியட்டின் நிறுவனம் 2004-இலேயே மூடிவிட்டது, மூலிகைக்காரி மட்டும் இன்னும் கடை வைத்திருக்கிறாள். பேரனின் உதவியோடு நானும் போனேன். சரியான பணம்தான் கொடுத்தேன். பேரன் பக்கத்தில் இருந்தான்.

பீரோவில் இருந்த சிடியைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். வீட்டில் இருக்கும் லேப்டாப் எதிலும் சிடி போடும் வழியே இல்லை. கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் தம்பியிடம் கொண்டுபோனேன். வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார். சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. "லேயர் போயிருச்சு சார்" என்றார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் ஈயம் உதிர்ந்தது போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

பையனிடம் சொன்னேன். சிரித்தான். போன வருடமே ஜிஓஜியில் தள்ளுபடியில் வாங்கிவிட்டானாம். பத்து வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்து, நின்ற இடத்தைத் தாண்டிவிட்டார்களாம். "அப்போ சிடி எதுக்குடா?" என்றேன். "அண்ணனோடது சார், திருப்பிக் கொடுக்கணும்" என்றான்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். சிடியை ஒரு உறையில் போட்டு, அவன் பெயரும் 10-ஆ பிரிவும் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். பீரோவைக் கிளறியதில் இன்னும் சில பொருட்கள் கிடைத்தன: பம்பரம் இரண்டு, பச்சை நிற டென்னிஸ் பந்து ஒன்று, காது ஒயர் அறுந்த வாக்மேன் ஒன்று, உள்ளே 'கே.ஆர்.' என்று எழுதிய கிரிக்கெட் அட்டைக் கட்டு ஒன்று. யாருடையது என்று கமெண்டில் சொல்லுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.